போன்காரம்மா

2005ஆம் ஆண்டு பிப்ரவரி 13, ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பது மணி இருபது நிமிடம். பனி விலகிவிட்டது. கடல் பக்கமிருந்து வந்த காற்று சட்டையை முதுகோடு ஒட்டவைக்கும் அளவுக்கு ஈரமாக இருந்தது. எதிர்வீட்டு அம்மாள் ஓர் அட்டைப்பெட்டியை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு தெருவைக் கடந்து என் வீட்டுக்கு வந்தார். பெட்டியின் மேல் ஒரு வெள்ளைக்காரப் பெண் காதில் போனை வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"சார், இத்தக் கொஞ்சம் மாட்டிக் குடுங்க. படிச்சிப் பாத்து மாட்டுங்க" என்றார்.

அவருடைய அண்ணன் மகன் ஆரோவில்லில் தோட்ட வேலை பார்த்தான். ஊருக்குத் திரும்பிப் போன ஒரு வெளிநாட்டு அம்மாள் பிரிக்காத பெட்டியாக அதை அவனிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். கார்ட்லெஸ் போன். கம்பி இல்லாமல் கையில் எடுத்துக்கொண்டு நடந்துகொண்டே பேசலாம். மரக்காணத்தில் எங்கள் தெருவுக்கு அப்படி ஒன்று வந்தது அதுதான் முதல் முறை.

எதிர்வீட்டு அம்மாளைத் தெருவில் எல்லோரும் போன்காரம்மா என்றுதான் சொல்வார்கள். அவர் புருஷன் உப்புத் தரகர். லாரிக்குச் சொல்வதற்காகப் போன் வாங்கினார். அவர் காலமான பிறகு தரகு போய்விட்டது, போன் மட்டும் தங்கிவிட்டது. எங்கள் தெருவில் பதினோரு வீடுகள்; போன் அந்த ஒரு வீட்டில். மற்ற பத்து வீட்டுக் கல்யாணப் பத்திரிகையிலும் அந்த எண்தான் இருக்கும், பக்கத்தில் பி.பி. என்ற இரண்டு எழுத்தோடு. பக்கத்து வீட்டுப் போன், கூப்பிட்டுக் கொடுப்பார்கள் என்று அதற்கு அர்த்தம். அவரும் கூப்பிட்டுக் கொடுத்தார். வரும் அழைப்புக்கு யாரிடமும் ஒரு காசு வாங்கியதில்லை.

நான் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். எதையும் படிக்காமல் தொடமாட்டேன். அன்றைக்குக் குறிப்புப் புத்தகத்தின் ஆங்கிலப் பக்கங்களை இரண்டு முறை படித்த பிறகே அவர் வீட்டுக்குப் போய்ப் பெட்டிக்குள் கை வைத்தேன். பாட்டரியின் சிவப்பு, கறுப்பு ஒயர்களை, கையில் எடுத்துப் பேசும் கைப்போனின் முதுகில் இருந்த குழிக்குள் சொருகி மூடியைத் தள்ளினேன். அடாப்டரைப் பிளக்கில் மாட்டி, தாங்கியில் கைப்போனை நிறுத்தியதும் சிவப்பு விளக்கு எரிந்தது. முதல் தடவை பதினான்கு மணி நேரம் தொடர்ந்து சார்ஜ் ஏற வேண்டும், அதுவரைக்கும் எடுக்கக் கூடாது என்று சொன்னேன். தாங்கியின் நெற்றியில் குங்குமம் வைக்க வந்தார். ஒரு துளி உள்ளே விழுந்தால் மின்சாரம் ஏறாது என்று தடுத்தேன். சுவரில் வைத்துக்கொண்டார்.

பழைய போனின் ஒயரைக் கழற்றிப் புதியதில் மாட்டப் போனபோது என் கையைப் பிடிக்காத குறையாகத் தடுத்தார்.

"அது ஏறட்டும் சார். ஆனா பழசக் கழட்டாதீங்க. நடுவுல யாருக்காவது சேதி வந்துட்டா?"

பதினான்கு மணி நேரமும் பழைய போனே லைனில் இருந்தது. நடுவில் நாற்பது நிமிடம் கரண்ட் போனது; அதையும் கூட்டிக்கொள்ளச் சொன்னேன். மறுநாள் காலையில் நானே போய் ஒயரை மாற்றினேன்.

போன்காரம்மாவைப் பற்றி ஒன்றே ஒன்று சொல்ல வேண்டுமானால், அவர் துக்கச் சேதி சொல்லும் விதத்தைத்தான் சொல்ல வேண்டும். சாதாரண அழைப்பு என்றால் வாசலில் நின்று பெயரைச் சொல்லிக் கத்துவார். சாவு, விபத்து, ஆஸ்பத்திரி என்றால் கத்தமாட்டார். ரிசீவரைக் கீழே வைத்துவிட்டு மெதுவாக நடந்து வருவார். வந்து, "சாப்ட்டீங்களா?" என்று கேட்பார். இல்லை என்றால் முதலில் சாப்பிடச் சொல்வார். அந்த வீட்டில் ஒன்றும் இல்லையென்றால் தன் வீட்டிலிருந்து தட்டில் போட்டுக் கொண்டுவருவார். கையைக் கழுவிய பிறகுதான் வாய் திறப்பார்.

காரணம் இல்லாமல் இல்லை. சாவுச் சேதி காதில் விழுந்துவிட்டால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது. எடுத்து அடக்கம் செய்யும்வரை யாரும் வாயில் வைக்கமாட்டார்கள். உப்பளத்துக்குப் போகிறவர்கள் விடியலில் நீராகாரம் குடித்துவிட்டுப் போனால் பதினோரு மணிக்குத்தான் திரும்புவார்கள். சேதி வருவதும் அந்த நேரம்தான். வெறும் வயிற்றோடு வெயிலில் பஸ் ஏறிப் போய், சாவு வீட்டு வாசலில் இரண்டாவது பிணம்போல் விழுந்தவர்கள் உண்டு. போன்காரம்மாவே தன் தகப்பனார் சாவில் அப்படி விழுந்தவர் என்று என் மனைவி சொல்லியிருக்கிறாள்.

"சேதி எங்க ஓடிப்போவுது? சோறுதான் ஆறிப்போவும்" என்பார்.

ஒருமுறை, உப்பு வாரும் ஒரு பெண் சேதியை உடனே தெரிந்துகொள்ள வேண்டும் என்ற பதற்றத்தில் சாப்பிட்டுவிட்டேன் என்று பொய் சொன்னாள். போன்காரம்மா அவள் வலது கையைப் பிடித்து முகர்ந்து பார்த்தார். "உப்பு நாத்தந்தான் அடிக்குது. கொழம்பு வாசன எங்கடி?" என்று கேட்டு உட்காரவைத்துவிட்டார். அந்தப் பெண் அழுதுகொண்டே ஒரு சட்டி கஞ்சியைக் குடித்து முடித்தாள். இரும்பை என்ற ஊரில் அவளுடைய அக்கா இறந்துபோயிருந்தாள்.

இதனால் ஒரு சங்கடமும் வந்தது. ஆடி மாதம் கோயிலில் கூழ் ஊற்றியபோது, தெருவுக்குப் புதிதாக வாழ வந்த மருமகளிடம் ஒரு செம்பு கூழை நீட்டி, மரியாதைக்காக, "சாப்ட்டியாம்மா?" என்று கேட்டுவிட்டார். அந்தப் பெண் செம்பைக் கீழே போட்டுவிட்டு, எங்கம்மாவுக்கு என்ன ஆச்சு என்று தலையில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். ஒன்றும் இல்லை என்று நம்பவைக்க அரைமணி நேரம் ஆயிற்று. அதற்குப் பிறகு போன்காரம்மா எந்தக் கல்யாணத்திலும் எந்த விருந்தாளியிடமும் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. "பந்தி நடக்குது, போங்க" என்பதோடு சரி.

இதைப் பற்றி நான் அவரிடம் வாதாடியிருக்கிறேன். சேதி யாருக்கு வந்ததோ அவருடையது. அதை நிறுத்திவைக்க நடுவில் இருப்பவருக்கு என்ன உரிமை என்று கேட்டேன்.

"உங்களுதுதான் சார். நானா எடுத்துக்கினேன்? சோத்துக்கு அந்தாண்ட வச்சிருக்கேன், அவ்ளோதான்."

கார்ட்லெஸ் வந்த பிறகு அவர் ஒவ்வொரு வீட்டுக்கும் போனையே எடுத்துக்கொண்டு வந்தார். சூடத் தட்டு அணைந்துவிடாமல் கொண்டுவருவதுபோல் ஒரு கையால் மறைத்துக்கொண்டு வருவார். ஏழாவது வீடு வரைக்கும் தெளிவாகக் கேட்டது. அதற்கு மேல் இரைச்சல். எல்லோருக்கும் சந்தோஷம், அவரைத் தவிர. காரணம் ஒரு மாதத்துக்குள் தெரிந்தது. மூன்றாவது வீட்டுப் பெண் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். திண்டிவனத்திலிருந்து அவள் தம்பி பேசினான். என்ன விஷயம் என்று போன்காரம்மா கேட்பதற்குள், கொடுங்க கொடுங்க என்று அவசரப்படுத்தினான். கொடுத்தார். தகப்பனார் போய்விட்டார் என்று அவன் நேராகவே சொல்லிவிட்டான். கைப்போன் மாவுப் பாத்திரத்தில் விழுந்தது. அந்தப் பெண் இரண்டு நாள் பட்டினி.

மாவைத் துடைத்து, உடைந்த மூடிக்கு டேப் ஒட்டிக் கொடுத்தவன் நான். போன்காரம்மா பக்கத்தில் நின்று, "இதுல சேதிய நிறுத்திவைக்க வழி இல்லியே சார்" என்றார். அதிலிருந்து யாராக இருந்தாலும் விஷயத்தைக் கேட்டுக்கொண்ட பிறகே போனைத் தெருவில் இறக்கினார். கெட்ட சேதி என்றால், பத்து நிமிடம் கழித்துப் பேசுங்கள் என்று சொல்லிவிடுவார்.

போனை அணைக்க ஒரு பொத்தான் உண்டு. அதை அவர் தொட்டதே இல்லை. கை தவறி வேறு பொத்தானில் பட்டு வெளிநாட்டுக்குப் போய்விடுமோ, பில் எகிறிவிடுமோ என்று பயம். கொண்டுபோய்த் தாங்கியில் வைத்தால் தானாகவே அணைந்துவிடும் என்று நான்தான் காட்டியிருந்தேன். ஆகவே ஒவ்வொரு அழைப்புக்குப் பிறகும் தாங்கியில் வைப்பார். அதில் எனக்கு வேறு கவலை. பாட்டரி முழுவதும் தீர்ந்த பிறகு, முழுவதும் ஏற்ற வேண்டும். கொஞ்சம் பேசி, கொஞ்சம் ஏற்றி என்று அரைகுறையாக வைத்தால் பாட்டரியின் ஆயுள் குறையும் என்று புத்தகத்தில் போட்டிருந்தது. அவரைப் பார்க்கும்போதெல்லாம் இதைச் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டுத் தாங்கியிலேயே வைத்துவந்தார்.

அந்த வருடம் பங்குனியிலிருந்து என் மனைவி புதுச்சேரியில் ஆஸ்பத்திரியில் இருந்தாள். சிறுநீரகம் இரண்டும் பழுது. கிளியனூரில் கட்டிக்கொடுத்திருந்த எங்கள் மகள் வந்து கூட இருந்தாள். நான் அங்கேயும் இங்கேயுமாக அலைந்தேன்.

மே மாதம் மூன்றாவது வியாழக்கிழமை காலையில் பென்ஷன் பணம் எடுக்கவும் துவைத்த துணி எடுக்கவும் ஊருக்கு வந்தேன். கத்திரி வெயில். உப்பளத்துப் பக்கம் பார்த்தால் கண் கூசும். பாங்கியில் பதினொன்றரை ஆகிவிட்டது. வீட்டுக்கு வந்து துணிகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு நாற்பது பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று எண்ணம். அடுப்பு பற்றவைக்கவில்லை. முந்தின நாள் இரவு இரண்டு இட்லி சாப்பிட்டதுதான்.

பன்னிரண்டு இருபத்தைந்துக்குப் போன்காரம்மா உள்ளே வந்தார். ஒரு கையில் மூடிய தட்டு, மறுகையில் ஒரு சோற்றுத் தூக்கும் செம்பும். இடுப்பில் முந்தானைக்குள் கைப்போன். அதன் ஆன்டெனா மட்டும் வெளியே தெரிந்தது. அன்று அவர் சாப்பிட்டீர்களா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும்.

"ஒக்காருங்க சார். கருவாட்டுக் கொழம்பு வச்சேன்" என்றார்.

பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றேன். அடுத்த பஸ் ஒன்றேகாலுக்கு இருக்கிறது என்றார். தட்டைக் கீழே வைத்துவிட்டார். பசி இருந்தது, உட்கார்ந்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து போன் ஏதாவது வந்ததா என்று கேட்டேன்.

"பாட்டரி செத்துப்போச்சு சார். சாப்ட்டு முடிச்சிட்டு இன்னான்னு பாருங்க."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. பிசைந்த சோற்றைக் கையில் வைத்துக்கொண்டே ஆரம்பித்தேன். முழுக்கத் தீர்ந்த பிறகுதான் ஏற்ற வேண்டும் என்று எத்தனை தடவை சொன்னேன், தாங்கியின் தகட்டில் உப்புக் காற்று படிந்திருக்கும், வாரத்துக்கு ஒருமுறை உலர்ந்த துணியால் துடைக்கச் சொன்னேனே, துடைத்தீர்களா, இனி மறுபடியும் பதினான்கு மணி நேரம் போட வேண்டும், நடுவில் எடுக்கக் கூடாது என்று ஒன்று விடாமல் சொன்னேன். அவர் சரி சார், சரி சார் என்றார். குழம்பில் உப்பு இல்லை. உப்பளத்துக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு உப்புக்குப் பஞ்சமா என்று அதையும் கேட்டேன்.

"கை மறந்துடுச்சு சார்" என்றார்.

இரண்டாம் முறையும் சோறு வைத்தார். மோர் இருக்கிறதா என்று கேட்டேன். செம்பில் கொண்டுவந்திருந்தார். ஊற்றிச் சாப்பிட்டேன். கை கழுவிவிட்டு வந்தபோது அவர் எழுந்து நின்றுகொண்டிருந்தார். என் துணிப்பை அவர் கையில் இருந்தது.

"சார். பொண்ணு போன் பண்ணிச்சி. அக்காவுக்கு முடியலியாம். உங்ககிட்ட ஒரு வார்த்த பேசணும்னு கேக்குதாம். கெளம்புங்க."

நான் கைப்போனை வாங்கிக் காதில் வைத்தேன். கூ, கூ என்று விட்டுவிட்டுச் சத்தம் வந்தது. பாட்டரி சாகவில்லை. மகள் எந்த எண்ணிலிருந்து பேசினாள் என்று அவருக்குத் தெரியவில்லை. போனைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் செருப்புப் போடாமல் எனக்கு முன்னால் தார் ரோடு வரைக்கும் நடந்தார். ஒன்றேகால் பஸ் நிற்காமல் போகப் பார்த்தது. நடுரோட்டில் நின்று கையைக் காட்டி நிறுத்தினார்.

நான் வார்டுக்குள் நுழைந்தபோது மணி இரண்டு முப்பத்தைந்து. என் மனைவி இரண்டு இருபதுக்குப் போய்விட்டாள். பன்னிரண்டு நாற்பது பஸ்ஸில் ஏறியிருந்தால் இரண்டு மணிக்கு அங்கே இருந்திருப்பேன். இந்தக் கழித்தலைப் போட எனக்குக் காகிதம் தேவைப்படவில்லை. கட்டிலைச் சுற்றித் திரை போட்டிருந்தார்கள். எனக்கு அழுகை வரவில்லை. திரையின் வளையங்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மகளிடம், நீ போன் செய்தாயாமே என்றேன்.

பக்கத்துக் கட்டில் நோயாளியின் மகனிடம் செல்போன் வாங்கிப் பேசியிருக்கிறாள். போன்காரம்மா விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, பத்து நிமிடம் கழித்துப் பண்ணும்மா, அப்பாவைக் கூட்டிவந்துவிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறார். சொன்னவர் வழக்கம்போல் பொத்தானைத் தொடவில்லை. தாங்கியிலும் வைக்கவில்லை. போனை இடுப்பில் சொருகிக்கொண்டு, தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு, என் வீட்டுக்கு வந்துவிட்டார். லைன் அப்படியே இருந்தது.

"நான் கட் பண்றதுக்குள்ள அம்மா போன வாங்கிக் காதுல வச்சிக்கிச்சிப்பா" என்றாள் மகள். "உங்க கொரலு கேக்குதுன்னுச்சி. நான் வாங்கிக் கத்தறேன், அப்பாவுக்குக் கேக்கும்னு சொன்னேன். வேணாம்னு கையக் காட்டிடுச்சி. சார்ஜ் ஏத்தறதப் பத்தி யாருக்கோ பாடம் நடத்திக்கினு இருந்தீங்களாமே. 'உங்கப்பா ஒரு ஆளப் புடிச்சிக்கினாரு'ன்னு சிரிச்சுது. உப்பு இல்லன்னு சண்ட போட்டீங்களாம். மோர் ஊத்திக்கினது வரைக்கும் கேட்டுச்சி. அப்புறம் போன எங்கிட்டக் குடுத்துட்டு, 'சாப்ட்டுட்டாரு'ன்னு சொல்லிட்டுக் கண்ண மூடிக்கிச்சி."

அதற்குப் பிறகு அவள் கண்ணைத் திறக்கவில்லை, யாரிடமும் பேசவில்லை.

நான் அந்தச் செல்போன்காரரைத் தேடிப் போனேன். மருந்துக் கடை வரிசையில் நின்றிருந்தார். எவ்வளவு நேரம் பேசியது என்று கேட்டேன். பார்த்துவிட்டுப் பத்தொன்பது நிமிடம் என்றார். நிமிடத்துக்கு இரண்டு ரூபாய் நாற்பது காசு பிடிப்பார்களாம். இந்த நேரத்தில் காசா, விடுங்க பெரியவரே என்றார். நாற்பத்தைந்து ரூபாய் அறுபது காசு ஆகிறது என்று நாற்பத்தாறு ரூபாயை எண்ணி அவர் சட்டைப் பையில் வைத்தேன்.

பதினைந்து நாள் போன்காரம்மா தெருவைக் கடக்கவில்லை. எனக்கு வந்த அழைப்புகளை அவர் வாசலிலேயே நின்று கத்திச் சொன்னார். நான் போய்ப் பேசிவிட்டு வந்தேன். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு வந்தார். உட்காரவில்லை.

"தப்புன்னா தப்புன்னு சொல்லிடுங்க சார். மனசுல வச்சிக்காதீங்க. காலையிலேருந்து பட்டினின்னு தெரியும். ரெண்டு வாய் சாப்ட்டு ஏறட்டும்னுதான் நெனச்சேன். அக்கா இன்னா சொல்ல இருந்துச்சோ, அத்த நான் முழுங்கிட்டேன்."

தப்பு என்றும் நான் சொல்லவில்லை, தப்பில்லை என்றும் சொல்லவில்லை. எது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. மகள் சொன்னதை அப்படியே சொன்னேன். லைன் திறந்தே இருந்ததை, அவள் கேட்டுக்கொண்டிருந்ததை, சிரித்ததை, கடைசியாகச் சொன்ன வார்த்தையை. அவர் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கேட்டார். பிறகு வந்த முதல் வார்த்தை இதுதான்:

"அப்ப, பாட்டரி செத்துப்போச்சுன்னு நான் பொய் சொன்னதும் அக்கா காதுல உழுந்திருக்கும்."

விழுந்திருக்கும் என்றேன்.

"எவ்ளோ நேரம் ஓடுச்சாம்?"

சொன்னேன்.

"அந்தப் பிள்ளைக்குக் காசு குடுத்தீங்களா?"

நாற்பத்தாறு ரூபாய் கொடுத்ததைச் சொன்னேன். அவர் இடுப்பிலிருந்த சுருக்குப்பையைப் பிரித்தார். இரண்டு பத்து ரூபாய்த் தாள், மூன்று ஒரு ரூபாய்க் காசு. ஜன்னல் கட்டையில் வரிசையாக வைத்தார்.

"அணைக்காம வுட்டது நான். பாதி என்னுது" என்றார்.

வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எடுத்து எண்ணிப் பார்த்தேன், சரியாக இருந்தது. ஆக, அந்த அழைப்பில் எனக்கு ஆன செலவு இருபத்து மூன்று ரூபாய்.